மெட்டில்லாத பேஸ் கித்தார் செய்து விற்க: தோட்டத்து ஊரிலிருந்து தொடங்குபவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், ஒரு கடைவரிசையின் பின்கட்டு அறையில் நான் பேஸ் கித்தார், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான கித்தார் செய்கிறேன். எல்லாமே மெட்டில்லாதவை. வீணையில் மெழுகின் மேல் பதித்த பித்தளை மெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண கித்தாரின் கழுத்திலும் அப்படிக் குறுக்குக் கம்பிகள் உண்டு. அவை இல்லாமல் வெறும் பலகையாக விட்டால், விரலை அப்படியே இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். கோட்டு வாத்தியத்தில் கட்டையை நகர்த்திக் கமகம் பிடிப்பது போல. கல்யாண இசைக்குழுவில் வாசிப்பவரும் தேவாலயத்தில் வாசிப்பவரும் அந்த ஓசையை ஒருமுறை கேட்டால் விடமாட்டார்கள்.

நான் முதலில் செய்த மூன்று கித்தார்களில் ஒன்றுகூட இன்று வாசிக்கும் நிலையில் இல்லை. ஒன்று உளுத்துப் போனது. ஒன்றின் கழுத்து முறுக்கிக்கொண்டது. மூன்றாவதை மெல்பர்னுக்கு விற்று, திரும்பி வந்ததும் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒன்றரை வருஷம் அதிலேயே போனது. எனக்கு அப்போது சொல்லித்தர ஆளில்லை. இப்போது தொடங்குகிறவர்கள் அதே குழிகளில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "மெட்டு அடிக்கிற வேலை இல்லை, அதனால் சுலபம்" என்று பலர் நினைத்து இதில் இறங்குகிறார்கள். நானும் அப்படித்தான் இறங்கினேன். மெட்டுள்ள கித்தாரில் பலகை கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் மெட்டுகளை அரம் போட்டுச் சமன் செய்துவிடலாம். மெட்டில்லாததில் தந்தி நேராகப் பலகையில் படுகிறது. ஒரு தாள் கனத்துக்கு மேடு இருந்தாலும் அந்த இடத்தில் கரகரக்கும். அதனால் பலகையும் கழுத்தும் ஆடாமல் அசையாமல் நிற்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அது மரத்தின் ஈரத்தில் தொடங்குகிறது.

1. முதலில் மரத்தை வாங்கி அடுக்கி வையுங்கள்

பதிவு, கடை, பெயர்ப்பலகை எல்லாம் அப்புறம். மரம் காய மாதக்கணக்கில் ஆகும், அந்தக் காலத்தில் மற்ற வேலைகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

உடலுக்கு நான் பால் மர (ரப்பர் மர) பலகையைத்தான் பயன்படுத்துகிறேன். நட்டு இருபத்தைந்து முப்பது வருஷம் ஆன பிறகு மரத்தை வெட்டி மறுநடவு செய்வார்கள். அந்த மரம்தான் தளபாடத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. காய்ந்த நிலையில் ஒரு கன மீட்டர் சுமார் 560 முதல் 640 கிலோ, அதாவது பேஸ் உடலுக்குத் தாங்கக்கூடிய கனம். விலையும் குறைவு. என் அப்பா பால் வெட்டிய மரத்தின் இனத்திலேயே நான் வாத்தியம் செய்கிறேன் என்பதும் எனக்குச் சின்ன விஷயமில்லை.

ஆனால் தோட்டத்தில் இப்போதுதான் சாய்த்த மரம், சும்மா கிடைக்கிறது என்று எடுத்துவராதீர்கள். ஒன்று, அந்த மரம் கம்பெனியின் சொத்து. விழுந்து கிடந்தாலும் கேட்காமல் தொட்டால் வழக்காகும். இரண்டு, பச்சைப் பால் மரத்தில் மாவுச்சத்து அதிகம். சில நாளிலேயே நீலம் பாய்ந்துவிடும், அப்புறம் பொடி வண்டு இறங்கும். என் முதல் கித்தார் மெருகு போட்டு நான்கு மாதம் கழித்து, கீழே மாவு கொட்டிக்கிடந்தது. பூச்சுக்குள்ளேயே உளுத்துவிட்டது. அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய பலகையாகக் கேட்டு வாங்குங்கள். தளபாட ஆலைகளுக்குப் பலகை கொடுக்கும் மரக்கடைகளில் கிடைக்கும். ரசீதில் மரத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். அந்த ரசீது ஏற்றுமதியின்போது கைகொடுக்கும்.

கழுத்துக்கு ஒரே கட்டை வேண்டாம். மூன்று அல்லது ஐந்து பட்டைகளாக, இழை எதிரெதிராக வரும்படி ஒட்டுங்கள். ஒன்று முறுக்கப் பார்த்தால் பக்கத்துப் பட்டை பிடித்துக்கொள்ளும். நான் நியாத்தோ மரப் பட்டைகளும் நடுவில் மெர்பாவ் மரப் பட்டைகளும் வைக்கிறேன். மெர்பாவில் தண்ணீர் பட்டால் பழுப்புச் சாயம் இறங்கும். ஈரக்கையோடு தொட்டு வெளுத்த மரத்தில் கறை படிய விட்டுவிடாதீர்கள்.

விரல் பலகைக்குக் கெட்டியான மரம் தேவை. கருங்காலி சிறந்தது, விலையும் அப்படித்தான். நான் செங்கால் என்ற இந்த ஊர் மரத்தைப் பயன்படுத்துகிறேன். பழைய பங்களாக்களை இடிக்கும் இடத்தில் தூணும் விட்டமும் கிடைக்கும். வாங்குமுன் காந்தமோ உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோ வைத்துப் பாருங்கள். உள்ளே புதைந்த ஆணி ஒன்றே ரம்பப் பட்டையைத் தின்றுவிடும்.

"போர்னியோ ரோஸ்வுட்" என்று யாராவது அழகான சிவப்பு மரத்தைக் காட்டினால் ரெங்காஸா என்று கேளுங்கள். ரெங்காஸின் பாலும் தூளும் தோலைப் புண்ணாக்கும். இழைக்கிற உங்களுக்கும் ஆபத்து, நாள் முழுதும் அதைத் தடவப்போகிறவருக்கும் நல்லதில்லை.

2. ஈரத்தை அளக்காமல் ஓர் அங்குலமும் அறுக்காதீர்கள்

என் மெல்பர்ன் கித்தாரைக் கெடுத்தது இதுதான். விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் எப்போதும் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். எவ்வளவு காலம் நிழலில் காய வைத்தாலும் பலகை 15, 16 விழுக்காட்டு ஈரத்தில் நின்றுவிடும், அதற்குக் கீழே இறங்காது. அறுபது வருஷத்துப் பழைய செங்கால் தூணும் அப்படித்தான். "நல்லா காஞ்ச மரம்" என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது இந்த ஊர்க் காற்றுக்குக் காய்ந்த மரம். அதில் செய்த கித்தார் குளிர்நாட்டில் சூடேற்றி வைக்கும் அறைக்குப் போனால் மரம் 7, 8 விழுக்காட்டுக்கு இறங்கும். கழுத்து வளையும், ஒட்டு விடும், விரல் பலகை அகலம் குறைந்து ஓரம் படிபடியாகத் தட்டுப்படும். கோலாலம்பூரில் நாள் முழுதும் ஏர்கோன் ஓடும் அறையில் வைத்தாலும் இது கொஞ்சம் நடக்கும்.

ஆகவே இலக்கு 8 முதல் 10 விழுக்காடு. சூளையில் உலர்த்திய பலகை வாங்கினாலும் கடையில் திறந்து கிடந்த நாட்களில் ஈரத்தைத் திரும்பக் குடித்திருக்கும். நான் செய்வது இது:

பலகையைத் தேவையான அளவைவிட 5 மி.மீ. தடிப்பாக அறுத்து, இரண்டு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ பூசுகிறேன். முனை வழியாக ஈரம் வேகமாகப் போனால் வெடிக்கும். ஒரே கனமுள்ள குச்சிகளை இடையில் வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றுகிறேன். அடுக்கு இருப்பது ஜன்னலில்லாத சின்ன அறை, அதில் ஈரமுறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வைத்து ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காட்டில் நிறுத்தியிருக்கிறேன். வேகமாக இறக்கினாலும் வெடிக்கும். அதனால் முதல் மாதம் 65, அடுத்த மாதம் 55 என்று படிப்படியாகப் போங்கள்.

ஊசி குத்தி அளக்கும் மலிவு மீட்டர் வைத்திருந்தால் அதை மட்டும் நம்பாதீர்கள், மரத்துக்கு மரம் அதன் கணக்கு மாறும். அடுப்புச் சோதனை செய்துகொள்ளுங்கள். அதே பலகையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி உடனே எடை போடுங்கள். பிறகு 103 டிகிரியில் ரொட்டி அடுப்பில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை மணிக்கொருமுறை எடுத்துப் பாருங்கள். 57.5 கிராம் இருந்தது 50 கிராமில் நின்றால், போன தண்ணீர் 7.5 கிராம். அதை 50ஆல் வகுத்தால் 15 விழுக்காடு. சமையலறைத் தராசு பத்தில் ஒரு கிராம் காட்டினால் போதும்.

அப்புறம் வாரம் ஒருமுறை முழுப் பலகையையும் எடை போட்டு அதன் மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறவில்லையென்றால் மரம் தயார். ஒன்றரை அங்குலப் பலகைக்கு எனக்கு நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கிறது. அவசரப்படுத்த வழி தெரிந்தவர்கள் இருக்கலாம். நான் அவசரப்பட்ட இரண்டு தடவையும் கழுத்து போயிற்று.

இயந்திரத்துக்கு மாதம் 60, 70 வெள்ளி (ரிங்கிட்) மின்கட்டணம் கூடும். அதை விலையில் சேர்க்க மறக்காதீர்கள்.

3. மரம் காயும்போது பதிவும் உரிமமும்

தனியாள் வணிகம் போதும். வணிகங்களைப் பதியும் அரசு ஆணையமான எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. ஒன்று முதல் ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டலாம். விவர அச்சுப்படிக்கு 10 வெள்ளி. ஈஸிபிஸ் இணையதளத்தில் செய்யலாம், கணினி பழக்கமில்லாதவர்கள் ஈப்போ கிளைக்கு மைகார்டோடு (அடையாள அட்டையோடு) போனால் முடித்துக் கொடுப்பார்கள். குடிமகனோ நிரந்தரவாசியோ, 18 வயது முடிந்தவராக இருக்க வேண்டும். வணிகம் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். முதல் முன்பணம் வாங்குமுன்பே பதிந்துவிடுங்கள்.

தொழில் வகை கேட்கும் இடத்தில் "சில்லறை விற்பனை" என்று மட்டும் போடாதீர்கள். இசைக்கருவி தயாரிப்புக்கு 32200 என்ற குறியீடு இருக்கிறது, அதையும் சேருங்கள். நான் விற்பனையை மட்டும் போட்டு, உரிமம் எடுக்கும்போது மாற்ற வேண்டியதாகி இரண்டு வாரம் போனது.

எஸ்எஸ்எம் பதிவு வேறு, உள்ளூர் மன்ற உரிமம் வேறு. எங்கள் ஊர் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. மைகார்டு நகல், எஸ்எஸ்எம் சான்று, வாடகை ஒப்பந்தம், இடத்தின் படம், பெயர்ப்பலகையின் மாதிரி ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையில் மலாய் மொழி இருக்க வேண்டும், தமிழ் கூடவே வரலாம். பலகையைச் செய்துவிட்டு அனுமதிக்குப் போகாதீர்கள், அனுமதி கிடைத்த பிறகு செய்யக் கொடுங்கள். மரத்தூளும் பூச்சு எண்ணெயும் எரியக்கூடியவை என்பதால் தீயணைப்பு சம்பந்தமாகக் கேள்வி வரும். முதல் நாளே ஒரு தீயணைப்பானைச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது கம்பெனி வீடு. பின்னால் கொட்டகை போட்டு ரம்பம் ஓட்டலாம் என்று நினைத்தால், நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் உரிமம் கிடைக்காது, வீட்டுக்கே பிரச்சினை வரும். தாமான் (குடியிருப்புப் பகுதி) தெரு வீட்டிலும் இயந்திரச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் புகார் கொடுத்தால் நிறுத்தத்தான் வேண்டும். கைவேலையை வீட்டில் வைத்துக்கொண்டு, அறுப்பதையும் ரௌட்டர் (மரத்தில் குழி, காடி வெட்டும் இயந்திரம்) ஓட்டுவதையும் கடையறையில் செய்வது நல்லது. ஆரம்பத்தில் நான் ஒரு தளபாடப் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து இயந்திரம் பயன்படுத்தினேன்.

முதலீடு தேவைப்பட்டால் சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கும் அரசு அமைப்பான தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனைக் கேட்டுப் பாருங்கள், அது இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே உள்ளது. ஆறு மாதம் வங்கிக் கணக்கில் வணிகப் பணம் வந்துபோன தடம் இருந்தால் பேசுவது சுலபம். அதனால் தனிக் கணக்கு ஒன்றை முதல் நாளிலிருந்தே வைத்திருங்கள்.

வருமான வரிக்கு இனி நீங்கள் நிரப்ப வேண்டியது வணிக வருமானம் உள்ளவர்களுக்கான பி பாரம். கடைசி நாள் ஜூன் 30. ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெயிலில் எழுத்து மங்கும் கடை ரசீதுகளை அன்றன்றே படம் எடுத்துவிடுங்கள்.

4. பாகங்கள்

டிரஸ் ராட் (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைத் திருத்தும் கம்பி), டியூனிங் கீ (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பது), பிரிட்ஜ் (உடலில் தந்தியைத் தாங்குவது), பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குவது) எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரும். 2024 ஜனவரி 1 முதல் 500 வெள்ளிக்குக் குறைந்த இணையக் கொள்முதலுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. 500ஐத் தாண்டினால் சுங்கம் தனியாகக் கணக்குப் பார்க்கும், கூரியர் கம்பெனியும் கையாளும் கட்டணம் போடும். எனக்கு ஒருமுறை மூன்று கித்தாருக்கான பாகங்கள் ஒரே பெட்டியில் வந்து பதினெட்டு நாள் கிடங்கில் கிடந்தன. என்ன ஆயிற்று என்று யாரும் பதில் சொல்லவில்லை. இன்வாய்ஸில் ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக எழுதியிருந்தால் இந்தத் தாமதம் குறையும்.

வெட்டிய மரத்துண்டுகளை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதை ஆரம்பத்தில் தவிர்த்துவிடுங்கள். அதற்கான அனுமதிகள் வேறு உலகம்.

டிரஸ் ராட் இரண்டு பக்கமும் வேலை செய்கிற வகையாக இருக்கட்டும். மெட்டில்லாத கழுத்தைக் கிட்டத்தட்ட நேராக நிறுத்த வேண்டியிருப்பதால், பின்பக்கமாக வளைந்தாலும் திருத்த வழி வேண்டும்.

5. கழுத்தும் விரல் பலகையும்

பேஸுக்குப் பொதுவான தந்தி நீளம் 34 அங்குலம், அதாவது 863.6 மி.மீ. இணையத்தில் கிடைக்கும் வரைபடங்கள் ஏறக்குறைய எல்லாமே மெட்டுள்ள கித்தாருக்கானவை. அப்படியே பின்பற்றினால் ஒரு மி.மீ. சொச்சம் மெட்டு உயரம் இல்லாமல் போய், பிரிட்ஜை எவ்வளவு இறக்கினாலும் தந்தி உயரமாகவே நிற்கும். விரல் பலகையை 7 மி.மீ. கனமாக வையுங்கள், அல்லது கழுத்து உட்காரும் குழியின் ஆழத்தை அந்த மெட்டு உயரத்தின் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் பலகையைத்தான் தடிப்பாக வைக்கிறேன். சில வருஷம் கழித்துத் தேய்ந்தால் மறுபடி இழைக்கவும் இடமிருக்கும்.

ஒட்டி முடித்ததும் உடனே சமன் செய்யாதீர்கள். பசையில் இருக்கும் தண்ணீர் மரத்துக்குள் போய்ச் சின்ன வளைவைக் கொடுக்கும். இரண்டு வாரம் உலர்அறையில் வைத்துவிட்டு எடுங்கள். டிரஸ் ராடைத் தளர்த்தி, நேர்கோல் வைத்து, விளக்கைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடம் பள்ளம். பென்சிலால் பலகை முழுக்கக் கிறுக்கிவிட்டு, நீளமான சமன் கட்டையில் உப்புத்தாள் ஒட்டித் தேயுங்கள். எல்லாக் கிறுக்கலும் ஒன்றுபோல மறைந்தால் சமம். 120இல் தொடங்கி 220, 400, 800 என்று போகலாம். இதற்கு மட்டும் நான் ஒரு முழு நாள் ஒதுக்குகிறேன், அன்று வேறு வேலை எடுப்பதில்லை.

மேல் நட்டின் (தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் சின்னக் கட்டை) காடி அடுத்த பெரிய பொறி. மெட்டுள்ள கித்தாரைப் போல உயரமாக விட்டால் முதல் சுரங்களை அழுத்தவே விரல் வலிக்கும், சுரமும் கூடிப்போகும். தந்தி காடியில் உட்கார்ந்தபின் பலகைக்கும் அதற்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு மட்டும் நுழைய வேண்டும், அவ்வளவுதான். சுமார் 0.3 மி.மீ. பலகையின் கடைசி முனையில் அந்த இடைவெளி 2 முதல் 3 மி.மீ. கழுத்தின் வளைவு நடுவில் 0.2 மி.மீ.க்குள். இந்த மூன்றும் ஒன்றுகூடும்போதுதான் மெட்டில்லாத பேஸுக்கே உரிய அந்த முனகல் ஒலி வரும். அது வந்துவிட்டதா என்று கேட்க ஆம்ப் கூடத் தேவையில்லை, உடலில் காதை வைத்தாலே தெரியும்.

6. புள்ளிகளை எங்கே வைப்பது

கோடு போட்ட பலகையா, வெறும் பலகையா என்பது வாங்குபவரின் விருப்பம், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எதுவாக இருந்தாலும் ஓரத்தில் புள்ளி வேண்டும். மெட்டுள்ள கித்தாரில் புள்ளி இரண்டு மெட்டுகளுக்கு நடுவில் இருக்கும். வெறும் பலகையில் புள்ளி சுரம் பிறக்கும் அதே இடத்தில் இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் நடுவில் வைத்தால் வாசிப்பவர் எல்லாச் சுரத்தையும் இறக்கியே வாசிப்பார்.

தந்தி நீளம் 34 அங்குலம் என்றால், மெட்டு இருந்திருக்கக்கூடிய இடங்கள் மேல் நட்டிலிருந்து: மூன்றாவது 137.40 மி.மீ., ஐந்தாவது 216.63, ஏழாவது 287.22, ஒன்பதாவது 350.10, பன்னிரண்டாவது சரிபாதி 431.80. ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததை அளந்தால் சின்னச் சின்னப் பிழை சேர்ந்து கடைசியில் ஒரு மி.மீ. தள்ளிப்போகும்.

7. பூச்சு

உருண்டைக் கம்பி சுற்றிய தந்தி விரல் பலகையை அரம் போல அறுக்கும். மெட்டில்லாத பேஸுக்குப் பேர்போன ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் பேஸின் பலகையில் படகுக்குப் பூசும் எப்பாக்சி என்ற கெட்டிப் பிசினைப் பூசியது இதற்காகத்தான். நமக்கு லுமுட் பக்கம் படகுச் சாமான் கடைகளில் நல்ல எப்பாக்சி கிடைக்கும். இந்த வெயிலில் கலந்த சில நிமிஷத்திலேயே இறுக ஆரம்பித்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். மழை நாளில் பூசினால் மேலே எண்ணெய்ப் பிசுக்கு போல ஒரு படலம் வரும். அதைத் தண்ணீரால் கழுவித் துடைத்தபின்தான் அடுத்த பூச்சு. கழுவாமல் பூசினால் உரிந்துவரும். மூன்று மெல்லிய பூச்சு, ஒரு வாரம் ஓய்வு, பிறகு மறுபடி சமன் செய்வது. கையுறையும் சரியான மூச்சுக்கவசமும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

எப்பாக்சி வேண்டாம் என்பவருக்குச் சமதந்தி (தட்டைக் கம்பி சுற்றியது) போட்டு எண்ணெய் மட்டும் தேய்த்துக் கொடுக்கிறேன். உடலுக்கும் எண்ணெய்தான். நைட்ரோ லாக்கர் அழகு, ஆனால் பிற்பகல் மழைக்கு முன்னால் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

8. விலை

என் கடைசி கித்தாரின் கணக்கு, வெள்ளியில்: உடல் பலகை 90, கழுத்து 110, விரல் பலகை 70, டிரஸ் ராட் 45, கீ நான்கு 160, பிரிட்ஜ் 120, பிக்கப் இரண்டு 320, பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்), வயர், ஜாக் 60, சமதந்தி 180, எப்பாக்சி, எண்ணெய், பசை, உப்புத்தாள் 110. ஆக 1,265. கெட்டிப்பெட்டி 280. வேலை 70 மணி நேரம், மணிக்கு 15 வெள்ளி என்றால் 1,050. வாடகையிலும் மின்சாரத்திலும் ஒரு கித்தாரின் பங்கு 150. பின்னால் பழுது பார்க்க ஒதுக்குவது 150. மொத்தம் 2,895. நான் 3,200க்கு விற்கிறேன்.

கூலியைப் போடாமல் 1,800க்கு விற்றவர்களை எனக்குத் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேல் அவர்களால் தாங்க முடியவில்லை. "தொழிற்சாலைக் கித்தாரே ஆயிரத்துக்குக் கிடைக்குது" என்று கேட்பவரிடம் விவாதிக்க வேண்டாம். அவர் கையில் கித்தாரைக் கொடுங்கள், வாசிக்கட்டும்.

9. பெயரும் தலையின் வடிவமும்

பெரிய கம்பெனியின் தலை வடிவத்தை அப்படியே வெட்டாதீர்கள். ஃபெண்டர் போன்றவர்களின் தலை வடிவங்கள் பதிவு பெற்ற வணிகச் சின்னங்கள். உங்கள் சொந்தத் தலையை வரைந்து, உங்கள் பெயரைப் போடுங்கள். பெயரைப் பதிய, மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஇப்போவில் இசைக்கருவிகள் 15ஆம் வகுப்பு. தயாராக உள்ள பட்டியலிலிருந்து பொருள் விவரத்தைத் தேர்ந்தால் ஒரு வகுப்புக்கு 950 வெள்ளி. முதல் ஐந்து கித்தார் விற்கும்வரை அந்தப் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

10. விற்பது

முதல் கித்தாரை ஊரிலேயே கொடுங்கள். எங்கள் வட்டாரத்து இசைக்குழுவில் பேஸ் வாசிக்கும் ஒரு அண்ணனிடம் மூன்று மாதம் சும்மா கொடுத்து வைத்தேன். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, மழை, ஏர்கோன் வேன் என்று எல்லா இடமும் போய்வந்தது. "தம்பி, பின்னால ரெண்டாவது தந்தி செத்துக் கேக்குது" என்று அவர் சொன்னதை எந்தக் கருவியும் எனக்குச் சொல்லியிருக்காது. அவர் குழுவைப் பார்த்துத்தான் ஈப்போவிலிருந்து இரண்டு ஆர்டர் வந்தது.

ஆர்டர் எடுத்தால் பாதிப் பணம் முன்பணம், எல்லாம் எழுத்தில். தந்தி எண்ணிக்கை, கோடு உண்டா இல்லையா, இடக்கையா வலக்கையா, மரம், எடை, எந்த மாதம் முடியும், முன்பணம் எப்போது திரும்பாது. முடிக்கும் தேதியாக நீங்கள் நினைப்பதோடு இரண்டு மாதம் கூட்டிச் சொல்லுங்கள். செய்து முடித்த கித்தாரைத் தந்தி ஏற்றி ஒரு மாதமாவது தொங்கவிட்டுப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். அந்த மாதத்தில் கழுத்து அசைந்தால் உங்கள் சுவரில் அசையட்டும்.

இணையத்தில் விற்றால் உங்கள் வணிகப் பெயர், பதிவு எண், தொடர்பு எண், முழு விலை, அனுப்பும் காலம் எல்லாம் காட்ட வேண்டும். ஓசையைப் பதிவு செய்து போடுங்கள், எந்த ஒலி மெருகும் சேர்க்காமல்.

11. வெளிநாட்டுக்கு அனுப்புவது

கூரியர் உண்மையான எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். 130, 45, 20 செ.மீ. பெட்டி என்றால் 23.4 கிலோவுக்குக் காசு, உள்ளே 9 கிலோதான் இருந்தாலும். விலை பேசுமுன் பெட்டியை அளந்துவிடுங்கள். நான் ஒருமுறை எடையை வைத்துச் சொல்லிவிட்டு 400 வெள்ளி கையிலிருந்து போட்டேன்.

சுங்கத் தாளில் குறியீடு 9207, மின்சாரத்தால் ஒலி பெருக்கும் இசைக்கருவி. அமெரிக்காவுக்கு அனுப்பினால் மரத்தின் அறிவியல் பெயரும் எந்த நாட்டில் வெட்டியது என்பதும் கேட்பார்கள். இங்கேதான் பால் மரம் நமக்கு நன்மை செய்கிறது. அது ஒரே இனம், ஹீவியா பிரேசிலியென்சிஸ். செங்காலும் ஒரே இனம். நியாத்தோவும் மெராந்தியும் கடைப் பெயர்கள், ஒவ்வொன்றின் கீழும் பல இனங்கள் உண்டு. எந்த இனம் என்று மரக்கடையில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். 800 டாலருக்குக் குறைந்தால் வரியில்லை என்ற பழைய சலுகையும் 2025 ஆகஸ்ட் 29இலிருந்து அங்கே கிடையாது. வரி வாங்குபவர் கட்ட வேண்டியது என்று முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

ஈட்டி (ரோஸ்வுட்) மரப் பேரினம் முழுக்க 2017 ஜனவரி 2 முதல் சைட்ஸ் பட்டியலில், அதாவது அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு உண்டு, ஆனால் பிரேசில் ஈட்டிக்கு அது பொருந்தாது. பழைய அலமாரியிலிருந்து கிடைத்த "ஏதோ ஈட்டி" என்றால் பயன்படுத்தாதீர்கள். சந்தேகமிருந்தால் மலேசிய மரத் தொழில் வாரியத்தில் கேட்கலாம்.

அனுப்பப் பெட்டி கட்டும்போது தந்திகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். தலைக்குக் கீழேயும் கழுத்து உடலில் சேரும் இடத்திலும் நுரை வையுங்கள், தலை மட்டும் ஆடினால் கழுத்து முறியும். 9 வோல்ட் பேட்டரி இருந்தால் கழற்றிவிடுங்கள். கெட்டிப்பெட்டியை முழுதாக பிளாஸ்டிக்கில் சுற்றி, உள்ளே ஈரமுறிஞ்சிப் பொட்டலம் இரண்டு போடுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு நாள் பெட்டியைத் திறக்காமல் அறையில் வைக்கச் சொல்லி மேலேயே எழுதி ஒட்டுங்கள். டிரஸ் ராடுக்குப் பொருந்தும் சாவியை உள்ளே வைத்து, எந்தப் பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்று படம் வரைந்த தாள் ஒன்றும் வையுங்கள். மெல்பர்னுக்குப் போன கித்தாரோடு அந்தச் சாவியை நான் அனுப்பவில்லை.